இறக்கை நுனியில் சந்தனம்

என் மேசைக்கு இனி நீங்கள் இருவரும் வரப்போகிறீர்கள். எனக்கு இரண்டாவது குழந்தை பிறக்க இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு திரும்பி வருவாயா என்று கேட்டால் காலையில் ஒரு பதிலும் சாயங்காலம் வேறொரு பதிலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதனால் போவதற்கு முன் சிலவற்றை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எந்தத் திருகாணியை எவ்வளவு இறுக்குவது, எதற்கு எந்தப் பசை போடுவது என்பதையெல்லாம் டில்லி அண்ணன் காட்டிவிடுவார். ரிமோட்டைக் கையில் பிடித்து ஹெலிகாப்டரை ஓட்டுபவர் அவர். அது கீழே கிடக்கும்போது அதைச் சரிப்படுத்துவது என் வேலை. இனி உங்கள் வேலை.

நான் எழுத நினைப்பது வேறொன்று. ஏதோ சரியில்லை என்று மனதுக்குத் தோன்றும்போது, அதைச் சொல்வது இயந்திரமா நம் பயமா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? எனக்கு இது முழுதாகத் தெரியும் என்று சொல்லமாட்டேன். தெரிந்தவரை சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், திரும்புவதை உணரும் கைரோ சென்சாரை என் உள்ளங்கையில் வைத்தார்கள். பெரிய புளியங்கொட்டை அளவுதான். டிப்ளமோ படிக்கும்போது அதன் படத்தை வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் அதை ஹெலிகாப்டரில் பொருத்தி, பேட்டரியை இணைத்துவிட்டு, வாலைக் கட்டைவிரலால் லேசாகத் தள்ளிப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. நான் தள்ளி முடிப்பதற்குள் வாலிலுள்ள சின்ன இறக்கைகள் என் விரலுக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டன. கண் இல்லை, காது இல்லை. தான் திரும்புவது மட்டும் அதற்குத் தெரிந்தது. மறுபடியும் தள்ளினேன், மறுபடியும் எதிர்த்தது. யாரும் பார்க்காதபோது எத்தனை தடவை அப்படித் தள்ளிப் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. இன்றும் செய்வேன். உங்களுக்கும் அந்த ஆசை வந்தால் வெட்கப்படாதீர்கள்.

அதற்கு ஒரு வழக்கம் உண்டு. பேட்டரி இணைத்த முதல் சில விநாடிகள் அதை யாரும் தொடக் கூடாது. அசையாமல் இருப்பது எப்படியிருக்கும் என்று அது கற்றுக்கொள்ளும் நேரம் அது. அப்போது தவறாகக் கற்றுக்கொண்டால் வானத்தில் அந்தத் தவறையே நிலை என்று நம்பும். கற்றுக்கொண்டுவிட்டால் பச்சை விளக்கு எரியும்.

நம் பணிமனை ஐயம்பேட்டைக்கு வந்த தொடக்கத்தில் அந்தப் பச்சை விளக்கு எரியவே மறுத்தது. சிவப்பில் சிமிட்டிக்கொண்டே இருக்கும். மதியம் நாங்கள் சாப்பிடும் நேரத்தில் மட்டும் ஒழுங்காக எரியும். ஒயரை மாற்றினோம், பேட்டரியை மாற்றினோம், சென்சாரையே மாற்றினோம். முதலாளி வெயில் என்றார். டில்லி அண்ணன் கரன்ட் என்றார். நான், எனக்குத்தான் கை நடுங்குகிறது என்று நினைத்து மனதுக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருந்தேன்.

பேட்டரி விற்க வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். வாசலில் நின்றபடியே சத்தம் போட்டுக் கேட்டார்: "எப்படிங்க இந்தச் சத்தத்துல உட்கார்ந்து வேலை பார்க்கறீங்க?"

"இன்னா சத்தம்?" என்று மூன்று பேரும் ஒன்றாகக் கேட்டோம்.

அவர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சுவரைக் காட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் பட்டுத்தறிகள். ஊடை நூலைத் தட்டிச் சேர்க்கும்போது வரும் அந்த அடி தரைவழியாக, மேசைக்கால் வழியாக, சென்சார்வரை வந்துகொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குத் தறிகள் நிற்கும்போது மட்டும் விளக்கு பச்சையாகியிருக்கிறது. நாங்கள் மூவரும் தறிச்சத்தத்தில் பிறந்து, அதிலேயே தூங்கி, அதிலேயே பாடம் படித்தவர்கள். எங்களுக்கு அதற்குப் பெயர் அமைதி.

உங்கள் மேசையின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் துண்டுகள் இருக்கும். அசிங்கமாக இருக்கிறதென்று எடுத்துவிடாதீர்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த கும்பாபிஷேகத்துக்கு வருகிறேன்.

கூரம் போகும் பக்கம் ஒரு சிறிய ஊர். அங்கே அம்மன் கோயிலைப் புதுப்பித்திருந்தார்கள். கோபுரக் கலசத்தின்மேல் கும்பநீர் ஊற்றும் நேரத்தில் மேலிருந்து பூ தூவ வேண்டும் என்று விழாக்குழுத் தலைவர் நம் பணிமனைக்கு வந்தார்.

"ட்ரோன்லயே தூவலாமே சார்," என்றார் முதலாளி.

"பக்கத்து ஊர்ல ட்ரோன் வுட்டாங்க. நாங்களும் அதயே வுட்டா இன்னா மரியாத? எங்களுக்கு ஹெலிகாப்டர்தான் வோணும்," என்றார் தலைவர்.

நம்மிடம் இருந்ததிலேயே பெரிய ஹெலிகாப்டரை எடுத்தோம். கீழே ஒரு பெட்டி. ரிமோட்டில் ஒரு விசையைத் தட்டினால் அதன் அடி திறந்து உதிரிப்பூ கொட்டும். முதல்நாள் பணிமனைக்குப் பின்னால் பூவுக்குப் பதில் ஈர மணலை எடைபோட்டு வைத்துப் பறக்கவிட்டுப் பார்த்தோம். வானத்தில் ஆணி அடித்து மாட்டியது போல் நின்றது. நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். அப்படிச் சொல்லும்போதே, அன்று ராத்திரி எத்தனை முறை எழுந்து மனதுக்குள் ஒவ்வொரு திருகாணியாகத் தொட்டுப் பார்த்தேன் என்பதும் நினைவுக்கு வருகிறது.

ஹெலிகாப்டரைக் கொண்டுபோனது என் கணவரின் ஷேர் ஆட்டோவில். ஐயம்பேட்டைக்கும் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்கும் ஓட்டுகிறவர். அன்று ஓட்டத்தை விட்டுவிட்டு வந்தார். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் எங்கள் பாப்பாவும் கூட வந்தாள். அப்போது அவள் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும் பருவம். பின்சீட்டில் பழைய மெத்தையைப் போட்டு, அதன்மேல் ஹெலிகாப்டரைப் படுக்கவைத்து, பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். இரண்டில் எதை அதிகம் இறுக்கிப் பிடித்திருந்தேன் என்று கேட்காதீர்கள்.

கோயிலுக்குப் பின்னால் அறுவடை முடிந்த வயல். அங்கே கயிறு கட்டி எங்களுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஜனம். மாடிகளில் ஜனம், சாரத்தில் ஜனம், நிறுத்தியிருந்த வேன்களின் கூரையில் ஜனம். யார் தலைக்கும் மேலே போகாமல் வயல் வழியாகவே கோபுரத்தை நெருங்குவதாகத் திட்டம். ஆனால் அத்தனை கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஹெலிகாப்டர் கொஞ்சம் வழி தவறினாலும் அது யார்மீதாவதுதான் இறங்கும். அந்த யாரோவில் என் கணவரும் அவர் இடுப்பில் பாப்பாவும் இருந்தார்கள்.

நான் பூப்பெட்டியை நிரப்பிக் கொண்டுவருவதற்குள் டில்லி அண்ணன் இறக்கைகளை விரித்துத் தயாராக வைத்திருந்தார். பேட்டரியை இணைத்தோம். பச்சை விளக்கு எரிந்தது. சோதனைக்காக ஆள் உயரத்துக்கு எழுப்பினார்.

நன்றாகத்தான் எழுந்தது. ஆனால் மூக்கு மெல்ல இடப்பக்கம் திரும்பியது. உற்றுப் பார்த்தால் தெரியாது. வேறு பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால் தெரியும்.

"டில்லிண்ணா, மூக்கு திரும்புது."

"காத்துமா."

கோயில் மேல் கட்டியிருந்த மாவிலைத் தோரணத்தைப் பார்த்தேன். ஓர் இலைகூட அசையவில்லை.

இறக்கச் சொன்னேன். உடனே எனக்குத் தறி நினைவுக்கு வந்துவிட்டது. இந்தப் பக்கம் ஜெனரேட்டர், அந்தப் பக்கம் தவில். தரை அதிர்கிறது, சென்சார் தவறாகக் கற்றுக்கொண்டுவிட்டது என்று முடிவு செய்தேன். பழைய பாடம் கையில் இருந்தால் புதுக் கேள்விக்கும் அதையே விடையாக எழுதத் தோன்றும். ஹெலிகாப்டரைத் தூக்கிக்கொண்டு வயலின் கடைசி வரப்புக்கு ஓடினோம். மறுபடி பேட்டரி, மறுபடி பச்சை விளக்கு. எழுப்பினோம். மூக்கு அதே இடப்பக்கம், அதே வேகத்தில் திரும்பியது.

"இத பாருமா," என்றார் டில்லி அண்ணன். "நான் ரிமோட்டத் தொட்டுக்கினே இருந்தா நிக்குது. நான் புடிச்சிக்கிறேன். மேல போயி பூவக் கொட்டிட்டு வந்துடலாம்."

அவரால் முடியும். எனக்கு அதுதான் தொல்லை. அவர் கட்டைவிரல் ஏற்கெனவே, அவருக்கே தெரியாமல், அந்தத் திருப்பத்தைச் சரிசெய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் பெட்டி திறக்கும்போது எடை சட்டென்று குறையும், ஹெலிகாப்டர் எகிறும். ஒரு கையில் உயரத்தையும் இன்னொரு கையில் சாய்வையும் பார்த்துக்கொண்டு, விசையையும் தட்ட வேண்டும். அப்போது இந்த ஒன்றை யார் பிடித்துக்கொண்டிருப்பது?

தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "இன்னாமா, கும்பம் மேல ஏறிக்கினு இருக்குது. நீங்க இன்னும் தரையில ஒக்காந்துக்கினு இருக்கீங்க?"

"இப்ப ஏத்த முடியாது சார்."

"இன்னா முடியாது? மைக்ல அவன் கத்திக்கினே இருக்கான், காதுல வுழல?"

விழுந்தது. வானத்திலிருந்து மலர்மாரி பொழியப்போகிறது, பக்தகோடிகள் அண்ணாந்து பார்க்கவும் என்று மைக் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. ஜனம் ஏற்கெனவே அண்ணாந்திருந்தது.

டில்லி அண்ணன் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "கோச்சுக்காதமா. புள்ள பொறந்ததுல இருந்து ஒனக்கு ஸ்பேனர் கீழ வுழுந்தாக்கூட பயம். நேத்து நல்லாதான பறந்துச்சு?"

கோபித்துக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் அது உண்மை. கேஸை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி ஓடுகிறவள் நான். பாப்பா அசையாமல் தூங்கினால் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறவள். நான் பயந்ததில் பெரும்பாலானவை நடக்கவே இல்லை. இதுவும் அப்படித்தானோ? ஓர் ஊர் முழுக்கக் காத்திருக்கும்போது என் பயத்துக்காக அவர்களை ஏமாற்றுகிறேனோ?

அப்போது நான் செய்ததை மட்டும் நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால் போதும். என் பயம் எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியும். அது ஓரிடத்தில் நிற்காது. பேட்டரிமேல் உட்காரும், அங்கிருந்து கயிற்றுக்குத் தாவும், அங்கிருந்து பாப்பாவின் தொப்பிக்குத் தாவும். ஆனால் ஹெலிகாப்டரின் மூக்கு எங்கேயும் தாவவில்லை. இடம் மாற்றினாலும், மறுபடி தொடங்கினாலும், அதே பக்கம், அதே வேகம். நான் பயப்படாமல் இருந்தாலும் அது திரும்பும். எனவே அது என்னுடையது இல்லை.

"நேத்து நல்லா பறந்துச்சு. அப்படின்னா நேத்துக்கு அப்புறம் ஏதோ மாறியிருக்குது. அது என்னான்னு தெரியாம ஏத்தமாட்டேன்," என்றேன்.

தலைவர் தலையில் அடித்துக்கொண்டு நகர்ந்தார். நான் கயிற்றோரம் நின்றிருந்த என் கணவரிடம் போனேன்.

"இன்னாங்க, வண்டிய நிறுத்தினதுல இருந்து இதை இன்னா இன்னா பண்ணீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"நான் இன்னா பண்ணேன்? எறக்கினேன். மெத்தைய மடிச்சி வெச்சேன். டில்லி ரெக்கைய விரிச்சாரு. பொட்டு வெச்சேன். பாப்பாவுக்கு பிஸ்கட் வாங்கப் போயிட்டேன். எதுலயும் இடிக்கல, சத்தியமா."

சரி என்று தலையாட்டிவிட்டு டில்லி அண்ணனிடம் கேட்கத் திரும்பினேன். சில அடிகள் நடந்தும்விட்டேன். அப்புறம்தான் தறிச்சத்தம் போல அந்த வார்த்தை என் காதில் விழாமலே போயிருக்கிறது என்று உறைத்தது. திரும்பி ஓடி வந்தேன்.

"பொட்டு எங்க வெச்சீங்க?"

"மூஞ்சிலதான். வேற எங்க வெப்பாங்க?"

தினமும் காலையில் ஆட்டோவின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் அவர் சாவியைத் தொடமாட்டார். எங்கள் ஊரில் எந்த வண்டிக்கும் அப்படித்தான். தறிக்கு உண்டு, கிரைண்டருக்கு உண்டு, பணிமனையின் கம்ப்யூட்டருக்கும் உண்டு. அன்று யாகசாலையில் கொடுத்த சந்தனத்தைக் கொண்டுவந்து, இதற்கு முகம் எது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறார். நிறுத்தி வைத்திருந்தபோது இரண்டு இறக்கைகளில் ஒன்று முன்னால் நீட்டிக்கொண்டும் மற்றது வால்மேல் படுத்துக்கொண்டும் இருந்திருக்கின்றன. முன்னால் நீட்டியதன் நுனிதான் முகம் என்று முடிவுசெய்து, ஆட்டோவுக்கு வைப்பது போலவே தாராளமாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார்.

அவரையும் இழுத்துக்கொண்டு ஹெலிகாப்டரிடம் ஓடினேன். பொட்டு ஒளிந்திருக்கவில்லை. மஞ்சளும் சிவப்புமாக எல்லார் கண்ணெதிரிலும் இருந்தது. நான் அந்த இறக்கையை எத்தனையோ முறை உற்றுப் பார்த்திருந்தேன்.

"அய்யய்யோ," என்றார் டில்லி அண்ணன். "ரெக்கைய விரிச்சி வெச்சிட்டு அந்தாண்ட போயி வந்து பாத்தா பொட்டு இருக்குது. நான் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினேன் மா!"

ஒரு சிட்டிகை சந்தனம். கையில் வைத்தால் எடையே தெரியாது. ஆனால் நுனியில் ஒட்டிக்கொண்டு அத்தனை வேகத்தில் சுற்றும்போது, அது ஒவ்வொரு சுற்றிலும் முழு ஹெலிகாப்டரையும் ஒரு பக்கமாக வெட்டி இழுக்கிறது. நம் கண்ணுக்கு அந்த நடுக்கம் தெரிவதில்லை. சென்சாருக்குத் தெரிகிறது. அதை அது வலப்பக்கத் திருப்பம் என்று நினைத்துக்கொண்டு, பாவம், நம்மைக் காப்பாற்ற இடப்பக்கமாகத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. இப்போது உங்கள் கையில் இருக்கும் கருவி நடுக்கத்தை எண்ணாகவே காட்டிவிடும். அன்று இருந்தது பழையது. அதற்குத் தெரிந்த ஒரே மொழி மூக்கைத் திருப்புவதுதான்.

துடைக்க ஈரத்துணியை எடுத்தேன். அதற்குள் தலைவர் மறுபடி வந்துவிட்டார்.

"இன்னாமா பண்ற? அம்மன் சந்தனத்தத் தொடைக்கிறியா? இன்னிக்கா? இந்த நேரத்துலயா?"

கை நின்றுவிட்டது. அவர் சொன்னதற்காக மட்டும் இல்லை. எனக்கே மனம் வரவில்லை. என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். நல்லது நினைத்துச் செய்தது தப்பாகிவிட்டதே என்று கூசிப்போய் நின்றார். பாப்பா அவர் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தாள். வைத்த பொட்டை அழிப்பது என்பது எங்கள் வீடுகளில் வாயால்கூடச் சொல்லாத விஷயம்.

டில்லி அண்ணனும் பின்னால் நகர்ந்து, "நான் தொடமாட்டேன்பா," என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த எளிய விஷயம் தோன்றியது. சந்தனத்தின்மேல் குற்றம் இல்லை. அது இருந்த இடம்தான் குற்றம்.

"அழிக்கல சார், எடம் மாத்துறேன்," என்றேன். என் கணவரிடம், "நீங்களே எடுத்து இதோ, மேல நடுவுல வைங்க," என்று இறக்கைகள் இரண்டும் சேரும் இடத்தின் உச்சியைக் காட்டினேன்.

அவர் பாப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். கட்டைவிரலால் சந்தனத்தைக் கொஞ்சமும் கீழே சிந்தாமல் வழித்து எடுத்து, நடு உச்சியில் வைத்தார்.

"இங்க இருந்தா ஆடாதா?"

"நடுவுல இருந்தா எதுவும் பண்ணாது."

"அப்போ இதுதான் அதோட நெத்தி," என்றார். "மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல?"

பாப்பாவை அவரிடம் கொடுத்துக் கயிற்றுப் பக்கம் அனுப்பிவிட்டு, நுனியில் ஒட்டியிருந்த மிச்சத்தை ஈரத்துணியால் துடைத்தேன். கும்பம் கோபுர உச்சிக்குப் போய்விட்டிருந்தது. டில்லி அண்ணன் என்னைப் பார்த்தார். நேரே மேலே ஏற்றிவிடலாமா என்று அந்தப் பார்வை கேட்டது. காரணம் தெரிந்துவிட்டது, சரிசெய்தாகிவிட்டது, நேரமும் போய்விட்டது. சரி என்று சொல்ல என் நாக்கு நுனிவரை வந்தது.

"ஒரு தடவ கீழயே நிறுத்திப் பாத்துட்டுப் போலாம்ணா."

ஆள் உயரத்தில் எழுப்பினார். அந்த நேரத்தில்தான் மேலே நீரை ஊற்றினார்கள். சங்கு முழங்கியது, தவில் வெடித்தது, அத்தனை ஜனமும் கைகளைத் தலைக்குமேல் தூக்கிக் கத்தியது. பூ விழவில்லை. நாங்கள் அந்தக் கணத்தைத் தவறவிட்டோம். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

பிறகு கண்ணை இறக்கி ஹெலிகாப்டரைப் பார்த்தேன். டில்லி அண்ணனின் கட்டைவிரல் ரிமோட்டின் குச்சியைத் தொடவே இல்லை. சற்று மேலே சும்மா நின்றது. மூக்கு கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இறக்கைகள் கலங்கல் இல்லாத ஒரே வட்டமாகத் தெரிந்தன. வட்டத்தின் நடுவில் மஞ்சளாக ஒரு புள்ளி, சுற்றுவதே தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பூமியே அதிரும் அந்த இரைச்சலுக்கு நடுவில், காற்றில் எதையும் பிடித்துக்கொள்ளாமல், அது அப்படியே நின்றது. நான் சாமி கும்பிட்டேனா, இல்லை அதைப் பார்த்துக் கும்பிட்டேனா என்று இன்றும் எனக்குத் தெரியாது. கை கூப்பியிருந்தது.

"போலாம்ணா," என்றேன்.

அது எழுந்து, வயல்மேலாகவே சென்று, கோபுரத்தின் பக்கத்தில் நின்றது. பெட்டி திறந்ததும் எகிறியது. டில்லி அண்ணன் இரண்டு கைகளாலும் அதை மட்டும் பார்த்துக்கொண்டார். இறக்கிய கைகளை ஜனம் மறுபடியும் தூக்கியது. சாமந்தியும் ரோஜாவும் ஈரக் கலசத்தின்மேல் விழுந்து, ஒட்டிக்கொண்டு நின்றன. காய்ந்த கலசமாக இருந்திருந்தால் வழுக்கிக் கீழே வந்திருக்கும். ஹெலிகாப்டர் தரையிறங்கிய சற்று நேரத்தில் தலைவரே மைக்கைப் பிடித்து, அபிஷேகம் முடிந்த பிறகு புஷ்பம் போடுவதுதான் முறை, அதன்படியே ஏற்பாடு செய்திருக்கிறோம் என்று அறிவித்தார். டில்லி அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் ரிமோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

மறுபடி என் இடுப்புக்கு வந்த பாப்பா கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள். கழுத்தை எவ்வளவோ பின்னால் சாய்த்தும் அவள் விழவில்லை. நான் சாய்ந்த பக்கத்துக்கு எதிராகத் தன்னைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த வாரத்திலேயே ஒருநாள் வீட்டில் கட்டில் காலை விட்டுவிட்டுத் தனியாக நின்றாள். இப்படிச் சாய்ந்தாள், அப்படிச் சாய்ந்தாள். நான் பிடிக்க நீட்டிய கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

நம் பெரிய ஹெலிகாப்டரின் உச்சியில், இறக்கைகள் சேரும் இடத்தில், மஞ்சளாக ஒரு கறை இருக்கும். அழுக்கு என்று நினைத்துத் தேய்க்க வேண்டாம். புதிதாக ஏதாவது வந்தால், முதல் பறப்புக்கு முன் என் கணவருக்கு ஒரு போன் போடுங்கள், ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு வருவார். பொட்டை எங்கே வைக்க வேண்டும் என்று இப்போது அவருக்குத் தெரியும்.